வரட்டும், வரட்டும்

இரண்டாயிரத்து எட்டாம் வருடம், நவம்பர் மாதம், ஒரு புதன்கிழமை. மத்தியானம் ஒன்றரை மணிக்கு நானும் சென்னகிருஷ்ணனும் ஓசூரிலிருந்து கம்பெனியின் மாருதி ஆம்னி வேனில் கிளம்பினோம். தேன்கனிக்கோட்டை தாண்டி அஞ்செட்டி போகும் சாலையில் ஒரு கிரானைட் குவாரி. பாறையில் துளை போடும் மெஷின்களுக்குக் காற்று கொடுக்கிற கம்ப்ரசர் அங்கே இரண்டு நாளாக ஓடவில்லை. அதைச் சரிசெய்வது என் வேலை. என்னைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் வேலை.

என் பெயர் பூபதி. சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். சிப்காட்டில் வேலை கிடைத்து ஓசூருக்கு வந்தவன். அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. கல்யாணமாகி ஒரு வருடம் ஆகியிருந்தது, மனைவி ரஞ்சிதாவுக்கு ஐந்தாவது மாதம். சென்னகிருஷ்ணனுக்கு ஐம்பது இருக்கும். ஜூஜுவாடிக்காரர். வீட்டில் தெலுங்கு, எல்லை தாண்டினால் அத்திப்பள்ளி போலீஸ்காரரிடம் கன்னடம், என்னிடம் தமிழ். எங்கள் கம்பெனிக்கு வருவதற்கு முன்னால் இருபது வருடம் குவாரிகளில் கல் லாரி ஓட்டியவர்.

எங்கள் இரண்டு பேருக்கும் அந்த நாட்களில் இருந்த ஒரே சண்டை, வழி சொல்லும் பெட்டியைப் பற்றியது.

வெளியூர் போகிற சர்வீஸ் ஆட்களுக்குக் கம்பெனி அதைக் கொடுத்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. சோற்று டப்பாவின் மூடி அளவுக்கு ஒரு திரை. ரப்பர் குமிழால் முன்கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். போகிற இடத்தைக் குறித்துக் கொடுத்துவிட்டால், ஒரு பெண்குரல் இங்கிலீஷில் இத்தனை மீட்டரில் இடது, இத்தனை மீட்டரில் வலது என்று சொல்லிக்கொண்டே வரும். எனக்கு அதன் மேல் பெரிய மோகம். சென்னகிருஷ்ணன் அதற்குப் பொட்டியம்மா என்று பெயர் வைத்திருந்தார். அவரைப் பொறுத்தவரை வழி என்பது ஆளிடம் கேட்க வேண்டிய விஷயம். போகிற இடத்தில் இருப்பவனுக்கு செல்லில் கூப்பிட்டால் அவனே சொல்லிவிட்டுப் போகிறான், தினமும் அதே வழியில் நடக்கிறவனை விடவா இந்தம்மாவுக்குத் தெரிந்துவிடும் என்பார்.

அன்றைக்கு அவர் பக்கம்தான் ஜெயித்தது. மத்தகொண்டப்பள்ளி தாண்டியதும் பெட்டி ஒரு குறுக்கு வழியைக் காட்டியது. அதை நம்பித் திரும்பினோம். மண் பாதை மூன்று கிலோமீட்டர் போய், ரோஜா வளர்க்கும் பசுமைக்குடில் ஒன்றின் பூட்டிய கேட்டில் முடிந்தது. காவல்காரர் சிரித்தார். திரும்பி வரும்போது ஒரு சக்கரம் சேற்றில் இறங்கி, தள்ளி ஏற்றுவதற்குள் ஒன்றேகால் மணி நேரம் போய்விட்டது. சென்னகிருஷ்ணன் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக உறைத்தது.

தேன்கனிக்கோட்டையில் டீக்கடை வாசலில் வண்டியை நிறுத்தி, குவாரி சூப்பர்வைசர் தீர்த்தகிரிக்கு நானே செல்லில் கூப்பிட்டேன். அவரை நான் நேரில் பார்த்ததில்லை. கனத்த குரல். அஞ்செட்டி ரோட்டிலேயே வரச் சொன்னார். காடு ஆரம்பித்து நாலு கிலோமீட்டரில் புளிய மரத்தடியில் ஒரு முனியப்பன் கல் வரும், அதைத் தாண்டிய உடனே என்று சொல்லும்போது லைன் அறுந்தது. மறுபடி போட்டேன். கிடைக்கவில்லை. மழை தூறத் தொடங்கியிருந்தது.

காட்டுக்குள் போனதும் தூறல் நின்றது. ஆனால் மேகம் இறங்கிவிட்டது. அந்தப் பக்கத்தில் ஐப்பசி, கார்த்திகையில் அப்படித்தான். மணி நாலேமுக்கால். இருட்டவில்லை, வெளிச்சமும் இல்லை. பால் கலந்த தண்ணீருக்குள் வண்டி ஓட்டுவது போல இருந்தது. ஈர மண் வாசனை, அதோடு எங்கோ யானை ஒடித்துப் போட்ட மூங்கிலின் பச்சை வாசனை. எதிரில் ஒரு வண்டி வரவில்லை.

முனியப்பன் கல் வந்தது. மஞ்சள் துணி சுற்றிய ஒரு நட்ட கல், அதன் மேல் மழையில் கரைந்த குங்குமம். அதைத் தாண்டியதும் சாலையின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு மண் பாதை பிரிந்தது.

பெட்டி இடது என்றது.

அந்த நேரத்தில்தான் என் செல் அடித்தது.

திரையில் பெயரும் இல்லை, நம்பரும் இல்லை. தீர்த்தகிரி வேறு யார் செல்லிலிருந்தோ கூப்பிடுகிறார் என்று நினைத்து எடுத்தேன். காற்றுச் சத்தம். அதற்குப் பின்னால் ஒருவர் இருமினார். வறண்ட, நீளமான இருமல். பிறகு குரல் வந்தது. முன்னே கேட்டது போலக் கனமாக இல்லை. மெதுவான, பொறுமையான குரல்.

"எங்க வந்துனு இருக்கறீங்க?"

முனியப்பன் கல்லுக்குப் பக்கத்தில் நிற்கிறோம் என்றேன். இடதா, வலதா என்று கேட்டேன்.

"சோத்தாங்கை பக்கம் ஒடிங்க. நான் நின்னுனுதான் இருக்கறேன். வாங்க."

பெட்டி மறுபடியும் இடது என்றது. சென்னகிருஷ்ணன் என்னைப் பார்த்தார். மத்தியானம் நடந்ததற்கு எனக்கு வெட்கமாக இருந்தது. கையை நீட்டிப் பெட்டியின் சத்தத்தை நான்தான் அணைத்தேன். இன்றைக்கு வரை மனதில் அறுத்துக்கொண்டிருப்பது அதுதான். யாரும் என்னை அதைச் செய்யச் சொல்லவில்லை.

வண்டி வலது பக்கம் திரும்பியது.

பாதை முதலில் நன்றாகத்தான் இருந்தது. லாரி போன தடம் இரண்டு பக்கமும் ஆழமாகப் பதிந்திருந்தது. ஆனால் அந்தத் தடத்தில் புல் முளைத்திருந்தது. அதை நான் பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் யோசிக்கவில்லை. போன் இன்னும் லைனில் இருந்தது. சென்னகிருஷ்ணனுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டு டேஷ்போர்டுப் பலகை மேல் வைத்தேன்.

குரல் வழி சொல்லிக்கொண்டே வந்தது. ஒரு பள்ளம் வரும், மெதுவாக இறக்குங்கள் என்றது. பள்ளம் வந்தது. உடைந்த கல் ஒன்று கிடக்கும், இடப்பக்கம் ஒதுங்குங்கள் என்றது. கல் கிடந்தது. எங்களைப் பார்த்துக்கொண்டே சொல்வது போலத்தான் இருந்தது. இந்த மூட்டத்தில் எங்கள் ஹெட்லைட்டை எங்கிருந்து பார்க்கிறார் என்று நான் ஆச்சரியப்பட்டேன்.

சென்னகிருஷ்ணன் திருப்தியாகத் தலையை ஆட்டினார். இதுதான் வழி சொல்கிற முறை என்றார்.

பாதை ஏற ஆரம்பித்தது. இரண்டு பக்கமும் மரங்கள் காணாமல் போயின. சக்கரத்துக்குக் கீழே மண் சத்தம் போய்க் கல் சத்தம் வந்தது. உதவாத கல் துண்டுகளைக் கொட்டி உயர்த்திய மேடு அது. குவாரிக்கு வந்துவிட்டோம் என்று நினைத்தேன். ஆனால் ஜெனரேட்டர் சத்தம் இல்லை. ஆள் பேச்சு இல்லை. ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை.

எங்கிருந்தோ குளத்துப் பாசி நாற்றம் வந்தது.

போனில் குரல் மாறியது. அதுவரைக்கும் வாங்க, ஒடிங்க என்று மரியாதையாகப் பேசியது, இப்போது என்னை விட்டுவிட்டு வண்டியோடு மட்டும் பேசத் தொடங்கியது.

"வரட்டும். வரட்டும். லெஃப்ட்ல கொஞ்சம் ஒடி. நேரா பண்ணு. வரட்டும்."

லாரியைப் பின்னால் எடுக்கும்போது கீழே நின்று ஆள் சொல்வார்களே, அந்த ராகம். சென்னகிருஷ்ணனின் முகத்தைப் பார்த்தேன். அவர் கண் இமைக்கவில்லை. அவர் கை ஸ்டியரிங்கை அந்தக் குரல் சொன்ன அளவுக்குத் திருப்பியது, சொன்ன அளவுக்கு நேராக்கியது. அந்தக் கையும் காலும் இருபது வருடம் அந்த ராகத்துக்குப் பழகியவை.

மூட்டத்துக்குள் ஒரு ஆள் தெரிந்தான்.

பதினைந்து அடி முன்னால். உர மூட்டைச் சாக்கை மடித்துத் தலையில் கொங்காணி போட்டிருந்தான். முகம் தெரியவில்லை. முட்டிக்கு மேல் கட்டிய லுங்கி. கையை ஆட்டி எங்களைக் கூப்பிட்டுக்கொண்டு மெல்லப் பின்னால் நகர்ந்தான்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. ஒரு ஆளைப் பார்த்துவிட்டோம்.

"வரட்டும். இன்னும் பத்தடி. வரட்டும்."

இரண்டு கையையும் ஆட்டினான்.

இரண்டு கையும்.

அவன் கையில் செல் இல்லை.

பலகை மேலிருந்த என் செல்லைப் பார்த்தேன். திரை எரிந்துகொண்டிருந்தது. மூலையில் டவர் காட்டும் கோடுகளில் ஒன்றுகூட இல்லை. பேசும் நேரம் ஓடுகிற எண்ணும் இல்லை. குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது.

அண்ணா, நிறுத்துங்க என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. தோளைப் பிடித்து உலுக்கினேன். அவர் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை. வண்டி நடக்கிற வேகத்தில் முன்னால் உருண்டுகொண்டே இருந்தது. பெட்டியின் திரை என் கண்ணில் பட்டது. சத்தம் இல்லாமல், பெரிய சிவப்பு அம்பு ஒன்று திரும்பு, திரும்பு என்று அணைந்து அணைந்து எரிந்தது. எவ்வளவு நேரமாக அது அப்படி எரிந்ததோ.

இரண்டு கையாலும் ஹேண்ட்பிரேக்கைப் பிடித்து இழுத்தேன்.

வண்டி குலுங்கி நின்று இன்ஜின் அணைந்தது.

நான் கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்தேன். என் செருப்பில் பட்டு ஒரு கல் முன்னால் உருண்டது. அது விழும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். ஒன்று. இரண்டு. மூன்று. அதற்கும் பிறகு, மிகக் கீழே, தண்ணீரில் விழுந்தது.

முன்சக்கரத்துக்கு இரண்டு அடிக்கு அப்பால் தரை இல்லை.

அவன் அதற்கும் அப்பால் நின்றிருந்தான்.

அங்கே எதன் மேல் நின்றான் என்று எனக்குத் தெரியாது. மூட்டம் அவன் முழங்காலுக்குக் கீழே கலைந்து கலைந்து போனது. கீழே கறுப்பாகத் தண்ணீர் தெரிந்தது. அவன் கையை ஆட்டுவதை நிறுத்தவில்லை.

செல்லை எடுத்து, பின் மூடியைக் கழற்றி, பேட்டரியைப் பிடுங்கினேன். திரை செத்தது.

"வரட்டும்."

குரல் இப்போது செல்லில் இல்லை. வெளியே இருந்தது.

சென்னகிருஷ்ணன் அப்போதுதான் விழித்தார். முன்னால் இருந்ததைப் பார்த்தார். வாயில் தெலுங்கில் ஏதோ சாமி பேர் வந்தது. ரிவர்ஸ் எடுங்க என்றேன். சாவியைத் திருப்பி இன்ஜினைக் கிளப்ப மூன்று தடவை ஆனது. அந்த மேடு ஒரு வண்டி அகலம்தான். பின்கண்ணாடியில் மூட்டத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. இரண்டு பக்கமும் சரிவு. யாராவது பின்னால் நின்று சொல்லாமல் எடுக்க முடியாது.

நான் இறங்கிப் பின்னால் ஓடினேன். வண்டியைப் பார்த்தபடி நின்றேன். வண்டிக்கு மேல் அவன் தலையில் போட்ட சாக்கு தெரிந்தது.

வரட்டும் என்று கத்தினேன்.

முன்னாலிருந்தும் வரட்டும் என்று வந்தது. அதே நேரத்தில். அதே நீளத்தில்.

வண்டி அசையவில்லை. ஜன்னல் வழியாகச் சென்னகிருஷ்ணனின் குரல் கேட்டது. அழுகிற குரல்.

"சார், எது உங்க கொரல்னு தெரியல சார். அவன் சொல்றானா, நீங்க சொல்றீங்களா?"

நான் வாயைத் திறக்கவில்லை. எது சொன்னாலும் அதையே அவனும் சொல்வான். பின்கதவைக் கையால் ஓங்கித் தட்டினேன். இங்கே தகரச் சத்தம். அங்கே அவனுக்குத் தட்டுவதற்கு ஒன்றும் இல்லை. மறுபடி தட்டினேன். சென்னகிருஷ்ணனுக்குப் புரிந்துவிட்டது. வண்டி ஒரு அடி பின்னால் வந்தது.

தட்டிக்கொண்டே நடந்தேன். சரிவின் பக்கம் சக்கரம் போனால் வண்டியின் அந்தப் பக்கத்தைத் தட்டினேன். அவர் ஒடித்தார். முன்னாலிருந்து அந்தக் குரல் விடாமல் கூப்பிட்டது. அதில் கோபம் இல்லை. மிரட்டல் இல்லை. வேலை நேரத்தில் வேலைக்காரன் சொல்வது போலப் பொறுமையாகச் சொல்லிக்கொண்டே இருந்தது. நடுநடுவே இருமினான்.

மேடு முடிந்து மண் பாதைக்கு வந்தபோது என் கையில் தோல் உரிந்து ரத்தம் வந்திருந்தது. வண்டியைத் திருப்பி நான் ஏறிக்கொண்டேன். பெட்டியின் சத்தத்தைப் போட்டேன். அந்த இங்கிலீஷ்காரம்மா குரலைக் கேட்டு எனக்கு அழுகை வந்தது. இருநூறு மீட்டர் நேராக என்றாள். பிறகு சாலையைக் கடந்து எதிர்ப்பாதை என்றாள். சென்னகிருஷ்ணன் மறுபேச்சில்லாமல் அவள் சொன்னபடி ஓட்டினார்.

முனியப்பன் கல்லுக்கு எதிர்ப்பக்கம், இடது பாதையில் பத்து நிமிடம். ஜெனரேட்டர் சத்தம் கேட்டது. விளக்கு தெரிந்தது. கனத்த குரலில் ஒருவர் குடையோடு வந்து, நாலரை மணியிலிருந்து இருபது தடவை போன் போட்டுவிட்டேன், கிடைக்கவே இல்லை என்றார். தீர்த்தகிரி.

நீங்கள் வேறு செல்லிலிருந்து கூப்பிடவில்லையா என்று கேட்டேன். இல்லை என்றார். என் கையைப் பார்த்தார். சென்னகிருஷ்ணனின் முகத்தைப் பார்த்தார். குடையை மடக்கினார்.

"அந்தாண்ட பக்கம் போனீங்களா?"

அவர் எங்களைச் சமையல் கொட்டகைக்குள் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தார். அங்கே ஆட்களுக்குச் சோறு ஆக்கும் ஒரு பெண் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும். தீர்த்தகிரி அவளைப் பார்த்துவிட்டு என்னை வெளியே கூப்பிட்டார். நான் எழுந்திருக்கவில்லை. அதனால் அங்கேயே, தாழ்ந்த குரலில் சொன்னார்.

வலது பக்கம் இருப்பது பழைய குவாரி. ஐந்து வருடத்துக்கு முன்னால் மூடிவிட்டார்கள். கழிவுக் கல் லாரிகள் அந்த மேட்டில் பின்னாலேயே போய் விளிம்பில் கொட்டும். லாரிக்குப் பின்னால் நின்று கை காட்டுகிறவன் பேர் கோவிந்தன். பதினாறு வருடம் அதே வேலை. கல் தூள் நெஞ்சில் இறங்கி இருமல் பிடித்த ஆள். ஒரு நாள் சாயங்காலம் இதே போல மூட்டம். வரட்டும் வரட்டும் என்று சொல்லிக்கொண்டே பின்னால் நகர்ந்தவன், கணக்குத் தவறி ஒரு காலைக் காற்றில் வைத்துவிட்டான். லாரியும் அவன் பின்னாலேயே போனது. டிரைவர் பாதியில் குதித்து, தர்மபுரி ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கிடந்து செத்தான்.

"செத்துப்போற வரைக்கும் அவன் ஒண்ணேதான் சார் சொன்னான். கோவிந்தன் வுழுந்தத கண்ணாடில பாத்தானாம். பிரேக்ல கால வெச்சானாம். ஆனா வரட்டும்ங்கற சத்தம் நிக்கலயாம். அதான் கால எடுத்துட்டேன்னான்."

அடுப்பு ஊதும் சத்தம் நின்றிருந்தது. அந்தப் பெண் இரண்டு டம்ளரில் டீ கொண்டுவந்து எங்கள் முன்னால் வைத்தாள். போகாமல் அங்கேயே நின்றாள். தீர்த்தகிரி தலையைக் குனிந்துகொண்டார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவள் பெயர் முனிலட்சுமி. கோவிந்தனின் மனைவி.

"போன்லயா சார் பேசனாரு?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன்.

"இருமினாரா?"

என்னால் பொய் சொல்ல முடியவில்லை. தலையை ஆட்டினேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழவில்லை.

"அவரு கெட்ட மனுசன் இல்ல சார். யாரையும் தள்ளணும்னு கூப்பிடல. கீழ தரை இல்லங்கறது அவருக்கே தெரியல. இன்னும் லோடு வருதுன்னு நின்னுனு இருக்கறாரு."

பிறகு அவள் கேட்டதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அந்த நம்பருக்குத் திரும்ப ஒரு தடவை போட்டுத் தர முடியுமா என்று கேட்டாள். தான் பேச வேண்டும், வேலை முடிந்துவிட்டது, வீட்டுக்கு வந்துவிடு என்று சொல்ல வேண்டும் என்றாள். அப்படிச் சொல்ல இத்தனை நாளாக ஆளில்லை என்றாள்.

செல் என் சட்டைப் பையில் இரண்டு துண்டாகக் கிடந்தது. பேட்டரியைத் திரும்பப் போடும் தைரியம் எனக்கு வரவில்லை. நம்பர் பதிவாகவில்லை அம்மா என்றேன். உண்மைதான். ஆனாலும் அதற்குள் என் பயம் ஒளிந்துகொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. பரவாயில்லை சார் என்று சொல்லி அடுப்புப் பக்கம் போய்விட்டாள்.

அன்று ராத்திரி நாங்கள் திரும்பவில்லை. கம்ப்ரசர் பக்கத்தில் தார்ப்பாய் விரித்து உட்கார்ந்திருந்தோம். விடிந்து, வெயில் வந்து, மூட்டம் முழுக்கக் கலைந்த பிறகுதான் வேலையைத் தொட்டேன். மத்தியானம் சாலைக்கு வந்தபோது சென்னகிருஷ்ணன் முனியப்பன் கல்லின் முன்னால் வண்டியை நிறுத்தி, இறங்கிக் கும்பிட்டார். வலது பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

அடுத்த வாரமே அவர் டிரைவர் வேலையை விட்டுவிட்டார். ஒரு கம்பெனியில் வாட்ச்மேனாகச் சேர்ந்திருப்பதாகச் சொன்னார்கள். பார்க்கப் போனேன். கேட்டுக்குள் வரும் லாரிகளுக்குக் கை காட்டுவது மட்டும் தன்னால் முடியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் சேர்ந்தாராம்.

நான் அந்தச் செல்லை பேட்டரி போடாமலேயே ராமநாயக்கன் ஏரியில் எறிந்தேன். புது செல் வாங்கினேன். நம்பரையும் மாற்றினேன். வெளியூர் வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து, ஆபீசுக்குள்ளேயே ஒரு மேஜை வாங்கிக்கொண்டேன். கர்ப்பிணியிடம் இதையெல்லாம் எதற்குச் சொல்ல வேண்டும் என்று ரஞ்சிதாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கையில் இருந்த கட்டுக்கு மெஷினில் பட்டுவிட்டது என்றேன். தூக்கம் மெல்லத் திரும்பி வந்தது.

டிசம்பர் மாதம் பாதி கடந்திருந்தது. வெயில் நன்றாக அடித்த ஒரு நாள், சாப்பாட்டு நேரம் முடிந்து ரஞ்சிதா கூப்பிட்டாள். டாக்டரைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். எங்கள் ஆபீசுக்குள் டவர் சரியாகக் கிடைக்காது. பேசிக்கொண்டே படியேறி மூன்றாவது மாடியின் மேல்தளத்துக்குப் போனேன். அங்கே கட்டட வேலை முடியவில்லை. கீழே நெடுஞ்சாலையில் பெங்களூர் போகும் லாரிகளின் சத்தம். குழந்தை நன்றாக இருக்கிறது, எடை மட்டும் கொஞ்சம் கூட வேண்டும் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னாள். என்ன சாப்பிட வேண்டும் என்று நான் கேட்டேன். எனக்குப் போனில் பேசும்போது ஒரு இடத்தில் நிற்கத் தெரியாது. நடந்துகொண்டே பேசுவேன்.

பேச்சின் நடுவில் அவள் நிறுத்தினாள்.

"ஏங்க, வண்டிய ரிவர்ஸ் எடுக்குறீங்களா?"

இல்லை, மாடியில் இருக்கிறேன் என்றேன்.

"அப்ப யாரு அது? உங்களுக்குப் பின்னால வரட்டும், வரட்டும்னு சொல்லிக்கிட்டே இருக்காரு."

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. லாரிச் சத்தம் மட்டும்தான். நான் நின்றேன். முகத்துக்கு நேரே வெயிலைத் தவிர்க்க, எப்போதிலிருந்தோ பின்பக்கமாக நடந்து வந்திருக்கிறேன். குனிந்து காலைப் பார்த்தேன். தடுப்புச் சுவர் இன்னும் எழுப்பாத பக்கம் அது. என் குதிகாலுக்குப் பின்னால் சிமெண்ட் தளம் முடிந்திருந்தது. நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளுக்குக் கீழே, மூன்று மாடி ஆழத்தில், ஜல்லிக் குவியல் வெயிலில் மினுங்கியது.

அசையாமல் நின்றேன்.

"இப்ப நிறுத்திட்டாருங்க," என்றாள் ரஞ்சிதா. "மூச்சு மட்டும் கேக்குது."